பத்து மீட்டர் பரீட்சை

பக்கவாதத்திலிருந்து மீள்பவர் ‘நடக்கிறார்’ என்று சொன்னால் மட்டும் போதாது. எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம், எந்தத் தரையில் என்றும் கேட்க வேண்டும். திருவனந்தபுரம் போன்ற மேடும் பள்ளமுமான ஊரில் அந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

பக்கவாதம் வந்தவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: “நடக்கிறாரா?” பிடித்துக்கொண்டால் நடக்கிறார் என்பார் மனைவி. நன்றாகவே நடக்கிறார் என்பார் மகன். பேச்சு திரும்பியிருந்தால், ஏதோ கொஞ்சம் என்பார் நோயாளி. மூன்று பதில்களும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர் இரவில் தனியாகக் குளியலறைக்குப் போகலாமா, தெருமுனைக் கடைவரை போய்வரலாமா, மறுபடி வேலைக்குப் போகலாமா என்பதை இந்த மூன்று பதில்களில் எதை வைத்தும் சொல்ல முடியாது.

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு எண் இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்குத் தன் எண் மனப்பாடம். பக்கவாதத்துக்குப் பிந்தைய நடைக்கும் எண்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்கத் தேவையானவை ஒரு டேப், ஒரு கடிகாரம், கூடவே நடக்கத் தெரிந்த ஓர் ஆள். மருத்துவத்தில் இதைவிட மலிவான சோதனை அதிகம் இல்லை. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளில் எத்தனை பேருக்குத் தங்கள் எண் தெரியும்?

இந்தக் கேள்வியைக் கேட்கத் திருவனந்தபுரம் பொருத்தமான ஊர். இந்தியாவில் பக்கவாதத்தை ஆஸ்பத்திரிப் படுக்கைகளில் மட்டும் எண்ணாமல் ஊர் முழுவதும் எண்ணிப் பார்த்த நகரங்களில் இதுவும் ஒன்று. உள்நாட்டு இதய வால்வை உருவாக்கிப் பெயர்பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் நரம்பியல் டாக்டர்கள் 2005-ல் ஆறு மாத காலம் நகரத்திலும் சுற்றியுள்ள கிராமப்புறத்திலுமாகச் சுமார் 9.26 லட்சம் மக்களிடையே புதிதாகப் பக்கவாதம் வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். 541 பேர் அகப்பட்டார்கள். அவர்களின் நடு வயது 67. வயது வித்தியாசங்களைச் சரிக்கட்டிப் பார்த்தபோது ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 135 பேருக்குப் புதிதாகப் பக்கவாதம் வருகிறது என்று தெரிந்தது. இந்த விஷயத்தில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை.

வித்தியாசம் சாவில் இருந்தது. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் நகரத்தில் 24.5 சதவிகிதம், கிராமத்தில் 37.1 சதவிகிதம். 2009-ல் இந்த விவரங்கள் வெளியானபோது எல்லோர் கண்ணிலும் பட்ட எண் இதுதான். ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் இன்னொரு செய்தி தெரியும். நகரத்தில் நான்கில் மூன்று பேரும், கிராமத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரும் முதல் மாதத்தைத் தாண்டிவிடுகிறார்கள். இறப்பை ஒரு தடவை எண்ணினால் போதும், கணக்கு முடிந்துவிடும். பிழைத்தவரின் நடையைத் திரும்பத் திரும்ப எண்ண வேண்டியிருக்கிறது.

இதில் தமிழர்களுக்கும் அக்கறை உண்டு. 1956 வரை திருவிதாங்கூர் பகுதியாக இருந்த கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மட்டுமல்ல, நெல்லைச் சீமையிலிருந்தும் மூளைக்கும் இருதயத்துக்கும் வைத்தியம் என்றால் பலர் ரயிலேறுவது திருவனந்தபுரத்துக்குத்தான். 1980-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமான ஸ்ரீ சித்திரையின் வரிசைகளில் மலையாளத்தோடு நாகர்கோவில் தமிழும் கேட்கும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட நான்கரை மணி நேரம்தான் கெடு என்பது அவர்களில் பலருக்கு இப்போது தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வரும் நான்கரை மாதங்களைப் பற்றித்தான் பேச்சு குறைவு.

கால் ஏன் முரண்டுபிடிக்கிறது?

மூளையின் இடது பக்கம் ரத்தம் நின்றால் வலது காலும் கையும் செயலிழக்கும். வலது பக்கம் என்றால் இடது. பெரும்பாலோருக்குக் கையைவிடக் கால் சீக்கிரமாகவும் அதிகமாகவும் தேறுகிறது. ஆனால் திரும்பி வருவது பழைய கால் இல்லை. முதலில் துவண்டு கிடந்த தசைகள் சில வாரங்களில் விறைக்கத் தொடங்குகின்றன. முழங்கால் மடங்க மறுக்கிறது. பாதத்தின் முன்பக்கம் தொங்கித் தரையைத் தட்டுகிறது. தட்டாமல் இருக்க நோயாளி இடுப்பைத் தூக்கி, அரிவாள் வீசுவதுபோலக் காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் அடித்து முன்னே கொண்டுவருகிறார். முழு எடையையும் அந்தக் காலில் போட பயம். ஆகவே நல்ல கால் அவசரமாக அடியெடுத்து வைக்கிறது. நடை நொண்டலாகிறது. பழைய வேகத்தில் பாதி வேகத்தில் போவதற்கே முன்னைவிட அதிக சக்தி செலவாகிறது.

காலில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று படுக்கையில் வைத்துச் சோதித்தால் இதெல்லாம் தெரியாது. படுத்த நிலையில் காலைத் தூக்கிக் காட்டுகிறவர் எழுந்து நின்றதும் தடுமாறலாம். பலம், சமநிலை, பார்வை, கவனம், தைரியம் என்று ஐந்தாறு விஷயங்கள் சேர்ந்த கூட்டுத்தொகைதான் நடை. அந்தக் கூட்டுத்தொகையை அளக்கப் பல அளவுகோல்கள் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் உருவாகியிருக்கின்றன.

மிகப் பழையது ஸ்காட்லாந்து டாக்டர் ஜான் ராங்கின் 1957-ல் தந்த அளவுகோல். அதன் திருத்திய வடிவம் இன்றும் உலகெங்கும் பக்கவாத ஆய்வுகளில் பயன்படுகிறது. எந்தத் தொல்லையும் இல்லை என்றால் 0, மரணம் என்றால் 6. இதில் 3-க்கும் 4-க்கும் நடுவே உள்ள கோடு கவனிக்கத்தக்கது. மற்ற வேலைகளுக்கு உதவி தேவைப்பட்டாலும் ஆள் துணையின்றி நடக்க முடிந்தவர் 3. முடியாதவர் 4. ஆக, ஒரு மனிதரின் மீட்சியைத் தீர்மானிக்கும் நடுக்கோடே நடைதான்.

அமெரிக்காவில் 1984-ல் வெளியான இன்னொரு முறை, நடையை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. நடக்கவே முடியாது, அல்லது இரண்டு பேர் தாங்க வேண்டும் என்றால் 0. ஒருவர் விடாமல் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்றால் 1. லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றால் 2. தொடவேண்டாம், பக்கத்தில் ஆள் இருந்தால் சரி என்றால் 3. சமதரையில் தனியாக நடப்பவர் 4. படி, சரிவு, மேடுபள்ளம் எதிலும் தனியாக நடப்பவர் 5. உறவினர்கள் ‘பிடித்தால் நடப்பார்’ என்று சொல்வதில் 1, 2 இரண்டும் அடங்கிவிடுகின்றன. ‘நடக்கிறார்’ என்பதில் 3, 4, 5 மூன்றும் அடங்கிவிடுகின்றன. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கும் கொள்ளாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்தப் படிகளுக்கு நடுவில்தான் ஒளிந்திருக்கிறது.

நொடிக்கு எத்தனை மீட்டர்?

ஓரளவு நடக்கத் தொடங்கியவருக்கு அடுத்த சோதனை வேகம். சமதரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு கோடுகள் போடப்படும். அவற்றுக்கு முன்னும் பின்னும் இரண்டு மீட்டர் விட்டு நடக்கச் சொல்வார்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஏற்படும் தயக்கம் கணக்கில் சேரக்கூடாது என்பதற்காக. கைத்தடி வைத்திருப்பவர் கைத்தடியோடு நடக்கலாம். இரண்டு கோடுகளுக்கு நடுவே எத்தனை நொடி என்று பார்த்து, பத்தை அந்த நொடிகளால் வகுத்தால் வேகம் வந்துவிடும்.

இந்தச் சின்னக் கணக்குக்கு அர்த்தம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மறுவாழ்வு மையத்தைச் சேர்ந்த எலும்பியல் டாக்டர் ஜாக்குலின் பெர்ரி. பக்கவாதம் வந்தவர்களின் நடை வேகத்தையும் அவர்கள் நிஜத்தில் எங்கெல்லாம் போய்வருகிறார்கள் என்பதையும் ஒப்பிட்டு 1995-ல் அவரும் சகாக்களும் ஓர் ஏணி அமைத்தார்கள். நொடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே என்றால் வீட்டுக்குள் மட்டும் நடப்பவர். 0.4 முதல் 0.8 வரை என்றால் அக்கம்பக்கம் போய்வருபவர். 0.8-க்கு மேல் என்றால் ஊருக்குள் புழங்கக்கூடியவர். நொடிக் கணக்கில் சொன்னால் இன்னும் எளிது. பத்து மீட்டரைக் கடக்க 25 நொடிக்கு மேல் ஆகிறவருக்கு வீடுதான் உலகம். பன்னிரண்டரை நொடிக்குள் கடப்பவருக்கு ஊர் திறந்திருக்கிறது.

நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சுவாசம், உடல்சூடு வரிசையில் நடை வேகத்தையும் உயிர்க்குறியாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2009-ல் இரண்டு அமெரிக்கப் பிசியோதெரபி ஆய்வாளர்கள் எழுதினார்கள். மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஒரே எண் இத்தனை விஷயங்களைச் சொல்வது அபூர்வம்.

வேறு சோதனைகளும் உண்டு. கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் என்பது ஒன்று. கனடாவில் 1991-ல் வெளியானது. நலமான முதியவர்களில் பலர் பத்து நொடியில் முடித்துவிடுவார்கள். 30 நொடிக்கு மேல் ஆகிறவர்களுக்கு அன்றாட வேலைகளில் பிறர் உதவி தேவைப்படுவது வழக்கம். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பது இன்னொன்று; இது மூச்சையும் தெம்பையும் அளக்கிறது. காத்தரின் பெர்க் உருவாக்கிய சமநிலை அளவுகோலில் 14 வேலைகள், மொத்தம் 56 மதிப்பெண். சுவீடனில் 1997-ல் சொல்லப்பட்ட சோதனைக்குக் கடிகாரம்கூட வேண்டாம். கூட நடந்துகொண்டே பேச்சுக் கொடுக்க வேண்டும். பதில் சொல்வதற்காக நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பின்னர் விழுவதற்கு வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். நடப்பதற்கே முழு மூளையும் தேவைப்படுகிறவர், நடந்தபடி இன்னொன்றைச் செய்ய முடியாதவர் என்பதன் அடையாளம் அது.

தம்பானூரில் ஒரு சாலை

இவ்வளவு சோதனைகளும் பெரும்பாலும் நடப்பது மொசைக் தரையில், மின்விசிறிக்குக் கீழே, பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க. வெளியே இருக்கும் திருவனந்தபுரம் வேறு.

நாகர்கோவிலிலிருந்து மறுபரிசோதனைக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். தம்பானூரில் ரயிலை விட்டு இறங்குகிறார். பஸ் நிலையம் எதிரேதான். ஆனால் நடுவில் சாலை இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டு விதிகள், பாதசாரி நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடப்பார் என்று வைத்துக்கொண்டு சிக்னல் நேரத்தைக் கணக்கிடச் சொல்கின்றன. சாலையின் அகலம் 14 மீட்டர் என்று கொண்டால் சுமார் 12 நொடி. நம் ஆசிரியரின் வேகம் 0.8 என்றால், அதாவது பெர்ரியின் ஏணியில் ‘ஊருக்குள் புழங்கக்கூடியவர்’ என்ற படியின் வாசலில் நிற்பவர் என்றால், அவருக்கு 17.5 நொடி வேண்டும். விளக்கு மாறும்போது இன்னும் நான்கு மீட்டருக்கு மேல் பாக்கி இருக்கும். வேகம் 0.4 என்றால் அவர் அப்போதுதான் சாலையின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருப்பார். எதிரே வரும் பஸ் டிரைவருக்கு அவருடைய மதிப்பெண் தெரியாது.

சாலையைக் கடந்த பின்னும் சோதனைகள் முடிவதில்லை. குன்றுகளின்மேல் அமைந்த நகரம் இது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத தெரு குறைவு. விறைத்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம். ஆண்டில் பாதி நாள் மழை. ஈரத் தரையில் தொங்கும் பாதம் வழுக்கும். பின்பட்டை இல்லாத ரப்பர் செருப்பு, உணர்ச்சி குறைந்த காலிலிருந்து கழன்று எங்கோ விழுந்துவிடும். நோயாளிக்குத் தெரியக்கூடத் தெரியாது. வீட்டுக்குள் செருப்பே கிடையாது. தொங்கும் பாதத்தைத் தாங்குவதற்கு ஷூவுக்குள் பொருத்தும் பிளாஸ்டிக் தாங்கியைக் கொடுத்தால், வெறுங்காலோடு இருக்கும் வீட்டில் அது மூலையில் கிடக்கும். கரை அகலமான வேட்டி காலில் சிக்கும். பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போக ஆசைப்பட்டால் வேட்டி கட்டாயம், வெறுங்கால் கட்டாயம், கிழக்கு வாசலில் படிகள்.

மேல்நாட்டுச் சோதனைகள் நாற்காலியில் தொடங்கி நாற்காலியில் முடிகின்றன. நம் வாழ்க்கையின் பாதி தரையில் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது, பாயில் படுத்து எழுவது, குத்துக்கால் வைக்கும் கழிப்பறை, உயரமான வாசற்படி இவையெல்லாம் எந்தப் பத்து மீட்டரிலும் வருவதில்லை. ஆகவே அளவுகோல் பயனற்றது என்று அர்த்தமில்லை. அளந்தபின் இன்னும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்றுதான் அர்த்தம்: தரையிலிருந்து எழுந்திருக்கிறாரா, வாசற்படி தாண்டுகிறாரா, வெறுங்காலில் நடக்கிறாரா, ஈரத்தில் நடக்கிறாரா?

முதல் வாரங்களின் விலை

அளவு எப்போது எடுக்கப்படுகிறது என்பதும் முக்கியம். கோபன்ஹேகனில் 804 பக்கவாத நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1995-ல் வெளியிட்ட ஆய்வில், சேர்க்கப்பட்டபோது 51 சதவிகிதத்தினர் நடக்கவே முடியாத நிலையில் இருந்தார்கள். மறுவாழ்வுச் சிகிச்சை முடிந்தபோது, உயிரோடிருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் தனியாக நடந்தார்கள். நம்பிக்கை தரும் செய்தி. கூடவே ஓர் எச்சரிக்கையும் இருந்தது. நடையில் கிடைக்கக்கூடிய மீட்சி 95 சதவிகிதம் பேருக்கு முதல் 11 வாரங்களுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு எதுவுமே நடக்காது என்பதில்லை. வேகமும் தூரமும் பயிற்சியால் பின்னாலும் கூடுகின்றன. ஆனால் பெரிய பாய்ச்சல் அந்த மூன்று மாதங்களுக்குள்தான். நம் ஊரில் அந்த மாதங்கள் எப்படிப் போகின்றன? ஆஸ்பத்திரியில் பத்து நாள், வீட்டில் ‘ஓய்வு’ ஒரு மாதம், பிறகு யாரோ சொன்ன இடத்தில் எண்ணெய்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து முதல் நாளே நோயாளியை இழுத்து நடத்துவது. ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் நடந்து 2015-ல் முடிவு வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் தீவிரமாக எழுப்பி நடமாட வைக்கப்பட்டவர்கள் மூன்று மாதம் கழித்து மற்றவர்களைவிடச் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். முதல் நாட்களில் நடையை விரட்ட வேண்டியதில்லை. உடம்பைக் கவனித்தால் போதும். பிடிமானமின்றி உட்கார முடிகிறதா, செயலிழந்த காலில் லேசான அசைவாவது இருக்கிறதா? பிற்பாடு நடப்பாரா என்பதற்கு முதல் மூன்று நாட்களிலேயே துப்பு தருபவை இந்த இரண்டும் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள்.

கேரளத்தில் இந்த விஷயத்தைப் பேசும்போது ஆயுர்வேதத்தை விட்டுவிட முடியாது. 1889-ல் தொடங்கிய ஆயுர்வேதக் கல்லூரி திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு பிழிச்சலுக்கும் உழிச்சலுக்கும் போகும் குடும்பங்கள் ஏராளம். எது நல்லது என்ற சண்டைக்குள் டேப் நுழைவதில்லை. இங்கிலீஷ் வைத்தியமோ எண்ணெயோ, ஆரம்பிக்கும் முன் பத்து மீட்டருக்கு எத்தனை நொடி, ஒரு மாதம் கழித்து எத்தனை நொடி என்று பார்த்தால் கட்டிய பணத்துக்குக் கிடைத்தது என்ன என்று தெரிந்துவிடும்.

இயந்திரமும் குடும்பமும்

நகரத்துக்குப் புதுப் பெருமை ஒன்று சேர்ந்திருக்கிறது. சாக்கடைக் குழிகளில் மனிதன் இறங்காமல் சுத்தம்செய்யும் ‘பேண்டிகூட்’ இயந்திரத்தால் பெயர்பெற்ற உள்ளூர் நிறுவனம் ஜென்ரோபோட்டிக்ஸ், நடைப் பயிற்சிக்கென ‘ஜி-கெய்ட்டர்’ என்ற ரோபோவை உருவாக்கியது. 2024-ல் அது திருவனந்தபுரம் அரசுப் பொது மருத்துவமனைக்கும் வந்தது. நோயாளியைத் தாங்கிப் பிடித்துக் கால்களை முறையான அடிகளில் அசைக்கும் இயந்திரம். அரசு ஆஸ்பத்திரியில் ஏழைக்கும் அது கிடைப்பது சின்ன விஷயமில்லை. தானாக ஓரடிகூட வைக்க முடியாதவருக்கு, களைத்துப்போகாத ஒரு துணை அது.

ஆனாலும் இயந்திரம் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதற்கில்லை. அமெரிக்காவில் 408 பேரிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், உடல் எடையைப் பட்டைகளால் தாங்கி ஓடுபொறியில் நடக்க வைக்கும் பயிற்சியையும், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பலத்துக்கும் சமநிலைக்கும் தரும் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு கழித்து இரண்டும் சமம். 52 சதவிகிதம் பேர் நடையில் முன்னேறியிருந்தார்கள், எந்தப் பிரிவில் இருந்தாலும். ரோபோ வேறு, ஓடுபொறி வேறு என்பது சரி. ஆனால் திறமையான ஆள் திரும்பத் திரும்ப வருவதற்கு ஈடாக எந்த இயந்திரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிட முடியாது.

அப்படியென்றால் குடும்பத்துக்கே பயிற்சி கொடுத்து அனுப்பிவிடலாமா? இந்தியாவில் இதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 14 ஆஸ்பத்திரிகள், 1,250 நோயாளிகள். ஒரு பிரிவினரின் குடும்பத்தாருக்கு வீட்டில் பயிற்சி கொடுக்கக் கற்றுத்தரப்பட்டது. 2017-ல் வெளியான முடிவில், ஆறு மாதம் கழித்து இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்திருப்பவர்கள் இரண்டு பிரிவிலும் 47 சதவிகிதம். பாசத்துக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. ஆனால் பயிற்சி பெற்ற ஆளின் இடத்தை அவை நிரப்பவில்லை. இந்தியக் குடும்பத்தை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் மறக்கக்கூடாத எண் இது.

அளவே மருந்து

இந்த நிலையில் ஒரு சின்னச் செய்தி ஊக்கம் தருகிறது. பல நாடுகளில் 18 மையங்களில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்ற 179 பக்கவாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, 2010-ல் வெளியானது. எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சைதான். ஒரு பிரிவினரை மட்டும் தினமும் ஒரு தடவை பத்து மீட்டர் வேகமாக நடக்கச் சொல்லி, எத்தனை நொடி என்று உடனே சொல்லி, முன்னேற்றத்தைப் பாராட்டினார்கள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது அவர்களின் சராசரி வேகம் நொடிக்கு 0.91 மீட்டர். எண் சொல்லப்படாதவர்களின் வேகம் 0.72. ஒரே ஓர் ஆய்வை வைத்து முடிவு கட்டக்கூடாது. ஆனால் காரணம் ஊகிக்கக்கூடியதுதான். நேற்று 31, இன்று 28 என்று தெரிந்தவருக்கு நாளை 27 வேண்டும் என்று தோன்றும். ‘கொஞ்சம் தேவலை’ என்ற பேச்சு அந்த ஆசையை எழுப்புவதில்லை.

ஆள் துணையின்றி நடக்கத் தொடங்கியவருக்கு வீட்டிலேயே அளக்கலாம். பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை செய்து காட்டட்டும். பத்து மீட்டர் இல்லாத வீட்டில் திண்ணையில் நான்கு மீட்டர் போதும். தூரத்தை நொடியால் வகுத்தால் சரி. துணைக்குப் போகிறவர் பலவீனமான பக்கத்தில், அரையடி பின்னால் நடக்க வேண்டும். முன்னால் நின்று கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அதே செருப்பு, அதே தடி, முடிந்தால் அதே நேரம். வாரம் ஒரு தடவை, காலண்டர் தாளில் தேதிக்குப் பக்கத்தில் நொடி. தலைசுற்றல், நெஞ்சுவலி உள்ள நாளில் வேண்டாம். ஏறிக்கொண்டிருந்த வேகம் மெல்ல இறங்கினால் காரணம் தேட வேண்டும்: விறைப்பு கூடியிருக்கலாம், சோர்வு மனத்தில் இருக்கலாம், எங்கோ விழுந்ததைச் சொல்லாமல் மறைத்திருக்கலாம். திடீரென்று நடை கெட்டால் காத்திருக்கக் கூடாது. அது புதிய பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

ஆனால் எண்ணைக் குறித்துவைப்பதோடு குடும்பத்தின் வேலை முடிகிறது. அந்த எண்ணைப் பார்த்து இவருக்கு இனி சமநிலைப் பயிற்சி, அவருக்குப் பாதத் தாங்கி, இன்னொருவருக்குத் தடியை மாற்ற வேண்டும் என்று முடிவெடுக்கத் தேர்ந்த ஆள் வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவரிடம் அந்த ஆள்தான் போக வேண்டும்.

அதற்கான பாதை ஏற்கெனவே இருக்கிறது. வலிநிவாரணச் சிகிச்சைக்கென 2008-லேயே கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். பஞ்சாயத்துகளின் பொறுப்பில் நர்ஸ்கள் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கும் ஏற்பாடு அங்கே வேரூன்றிவிட்டது. பக்கவாதத்துக்கென்று ‘சிராஸ்’ என்ற திட்டமும் மாவட்ட மருத்துவமனைகளில் தனிப் பிரிவுகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபியையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. முழுக்கப் படுத்தவரும் முழுக்கத் தேறியவரும் கண்ணில் படுகிறார்கள். நடுவில் இருப்பவர், வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பவர், தவறிப்போகிறார். யாரும் அளக்காததால் அவர் மெல்ல மெல்லத் திண்ணையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து கட்டிலுக்கும் பின்வாங்குவது கணக்கில் வருவதில்லை. வீட்டுக்கு வரும் நர்சின் பையில் ரத்த அழுத்தக் கருவி இருக்கிறது. அதில் ஒரு டேப்புக்கும் இடம் இருக்கும்.